இடம்புரிப் புதினா

ஞானசிகாமணி உலகத்தில் வேறு எவரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தவர். அதைத் தாமாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். எதிராளி கேட்டே தீரும்படி பேச்சைக் கொண்டுபோய் நிறுத்துவார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், "சார் எங்க வேலை பாக்கறீங்க?" என்று மருத்துவர் ஒரு மரியாதைக்குக் கேட்டுவிட, வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுக்கச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் பதில் சொன்னார். மருத்துவர் அதன்பிறகு நோயாளிகளிடம் பல்லைப் பற்றி மட்டுமே கேட்கிறாராம்.

அவர் பார்த்தது ஒரு மூலக்கூறு. கரி அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்து அறுகோணங்களாக நின்றால் தட்டையான தாள் கிடைக்கும். நடுவே ஓர் எண்கோணத்தைச் செருகிவிட்டால் தாளால் தட்டையாக இருக்க முடியாது. சூடான எண்ணெயில் விழுந்த அப்பளம் போல ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் கீழிறங்கி, முறுக்கிக்கொள்ளும். முறுக்கு வலப்பக்கமாகவும் இருக்கலாம், இடப்பக்கமாகவும் இருக்கலாம். ஒன்றைக் கண்ணாடிமுன் பிடித்தால் மற்றது தெரியும். ஆனால் எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றதாகாது. சங்குக்குச் சொல்வதுபோல வலம்புரி, இடம்புரி என்று நிலையத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

நிலையம் திருச்சிக்கு வெளியே, முள்காடும் பாறையுமான இடத்தில் இருந்தது. மூலக்கூறைச் செய்தவர் ஜெசிந்தா, நாகர்கோவில்காரர். பதினேழு படிகளில் கொதிக்கவைத்து, குளிரவைத்து, வடித்து, மூன்று வருடத்தில் ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடி எடுத்திருந்தார். அதையும் இரண்டு முறுக்காகப் பிரித்து இரண்டு புட்டிகளில் வைத்திருந்தார். எந்தப் புட்டியில் எது என்பதுதான் தெரியவில்லை. படிகமாக்கிக் கண்டுபிடிக்கலாமென்றால், அந்த நெளிந்த அப்பளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்கார மறுத்தன.

அங்கேதான் ஞானசிகாமணி உள்ளே வந்தார். அவரிடம் ஓர் ஊசி நுண்ணோக்கி இருந்தது. பார்ப்பதென்றால் கண்ணால் அல்ல. உறையவைக்கும் குளிரில், தங்கத் தகட்டின்மேல் கிடக்கும் மூலக்கூறை ஊசிமுனையால் தடவித் தடவி உருவம் தெரிந்துகொள்வது. தட்டையான மூலக்கூறு என்றால் சுலபம். வளைந்ததென்றால் மேட்டை மட்டும் காட்டும். பள்ளத்தில் இறக்கினால் மேட்டில் முட்டி முனை உடையும். இரண்டு வருடம் பாடுபட்டு, மேட்டில் ஏறவும் பள்ளத்தில் இறங்கவும் ஊசிக்குக் கற்றுக்கொடுத்தார் அவர். கடைசியில் ஒரு முழுப்படம் கிடைத்தது. ஒவ்வொரு கோணமும் எண்ணக்கூடியதாக, முறுக்கு பளிச்சென்று தெரிந்தது. "முதல் புட்டி வலம்புரி" என்று அறிவித்தார். புட்டிகளில் பட்டை ஒட்டப்பட்டது. படம் ஒரு வெளிநாட்டு ஆய்விதழின் அட்டையில் வந்தது. நிலையத்தின் முகப்புக் கூடத்தில் ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஞானசிகாமணி தினமும் அதன்முன் நின்று, 'இதென்ன, புதிதாக இருக்கிறதே' என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மாடியேறுவார்.

அந்த இரண்டு புட்டிகளிலிருந்து பிறந்ததுதான் செயற்கை மூக்கு. சில வருடங்களுக்கு முன் வந்துபோன ஒரு காய்ச்சல் பலருக்கு மோப்ப சக்தியை அடியோடு துடைத்துவிட்டிருந்தது. அவர்களுக்காக நிலையத்தார் மூக்குக்குள் பொருத்தும் ஒரு சின்னப் பொத்தானைச் செய்தார்கள். அதில் வலம்புரிப் படலம் ஒன்று, இடம்புரிப் படலம் ஒன்று. காற்றில் வரும் மணம் எதில் அதிகம் ஒட்டுகிறது என்று பார்த்து, பொத்தான் நரம்புக்குச் சொல்லும். அதற்கு நிலையம் வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பொருத்திக்கொண்டவர்கள் உள்மூக்குத்தி என்றார்கள். முப்பத்தெட்டுப் பேர் தாமாக முன்வந்து சோதனைக்குச் சேர்ந்தார்கள்.

சோதனையின் குறைகேட்புக் குழுவில் ஞானசிகாமணியையும் போட்டிருந்தார்கள். மூக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பெயர் பட்டியலில் நன்றாக இருக்கும் என்பதற்காகப் போட்டது. அவரும் அதை அப்படியே நம்பினார். பதினேழாம் எண்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

'ஐயா, புதினாவில் சீமைச்சோம்பு வாடை வருகிறது. மல்லிகை சரியாக இருக்கிறது. காப்பி சரியாக இருக்கிறது. எலுமிச்சை கொஞ்சம் ஒரு மாதிரி. என் வீட்டுக்காரர் வேர்த்து வந்தால் பம்பளிமாஸ் பழம் மாதிரி மணக்கிறார். இது குறை இல்லை, தகவலுக்காக எழுதுகிறேன். புதினாவுக்கு மட்டும் ஏதாவது செய்யவும். இப்படிக்கு, சி. தெய்வானை.'

ஞானசிகாமணி பதில் எழுதினார்: 'புதிய உணர்வுகளுக்கு மூளை பழகச் சில மாதங்கள் ஆகும். பொறுமை தேவை.' கீழே, பதிலைவிடப் பெரிதாக ஒரு கையெழுத்து.

நான்கு மாதம் கழித்து ஜெசிந்தா அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அறைக்கு வந்தார்.

"சார், பழைய கோப்பெல்லாம் அடுக்கிட்டு இருந்தேன். இது எங்கிட்ட வரவே இல்லையே?"

"புருஷன் பம்பளிமாஸ்காரம்மாவா? நல்ல கற்பனை. நான் பதில் போட்டுட்டேன்."

"கற்பனை இல்ல சார். புதினா மணமும் சீமைச்சோம்பு மணமும் ஒரே மூலக்கூறுதான். இடம்புரியா இருந்தா புதினா, வலம்புரியா இருந்தா சோம்பு. வேர்வையிலயும் அப்படி ஒண்ணு உண்டு. ஒரு பக்கம் முறுக்கினா வேர்வை நாத்தம், மறுபக்கம் முறுக்கினா பழ வாசனை."

"சரி, அதுக்கு?"

"மல்லிகை, காப்பி எல்லாம் பெரும்பாலும் முறுக்கில்லாத சரக்கு. அது சரியாத் தெரியுது. முறுக்கு உள்ளது மட்டும் மாறித் தெரியுது. அந்தம்மா மூளையில ஒரு கோளாறும் இல்ல சார். கண்ணாடிக்குள்ள இருக்க உலகத்தை மோந்துட்டு இருக்காங்க."

ஞானசிகாமணிக்கு முதலில் தோன்றியது நியாயமாக ஒரு விஞ்ஞானிக்குத் தோன்றக்கூடியதுதான்: இதில் தப்பு யாருடையதாக இருக்கலாம், தன்னைத் தவிர?

"புட்டியை மாத்தி வெச்சுட்டீங்களா ஜெசிந்தா?"

"அதைத்தான் முதல்ல பாத்தேன். ரெண்டு நாளாப் பாத்தேன். மாறல." ஜெசிந்தா கொஞ்சம் தயங்கினார். "படம்..."

"படமா!" என்றார் ஞானசிகாமணி. அவருடைய பிறப்புச் சான்றிதழையே சந்தேகித்ததுபோல் இருந்தது குரல். ஜெசிந்தா கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஞானசிகாமணி கீழே இறங்கி நுண்ணோக்கி அறைக்குள் நுழைந்தார். ஜெசிந்தாவின் வாயை மூட ஐந்து நிமிடம் போதும் என்று எண்ணினார். தங்கத் தகட்டில், வலது ஓரமாக, மெல்லிய கீறல் ஒன்றைப் போட்டார். மேலிருந்த சின்னக் கேமராவில் கீறல் வலது பக்கம் தெரிந்தது. ஊசியை விட்டுத் தடவினார். ஊசிப்படத்தில் கீறல் இடது பக்கம் இருந்தது.

கேமராதான் தலைகீழ் என்று ஒரு நப்பாசை. காகிதத் துண்டில் தம் பெயரின் முதலெழுத்தை எழுதிக் கேமராவுக்குக் காட்டினார். திரையில் 'ஞா' ஒரு குறையுமில்லாமல் ஞாவாகவே நின்றது. அதைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அப்புறம் ஞாபகம் வந்தது. இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு இடி விழுந்து நுண்ணோக்கியின் ஒயர்கள் சில கருகிவிட்டன. டெக்னீஷியன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். 'இதற்குப் போய் ஒரு ஆளா' என்று ஞானசிகாமணியே சால்டரிங் பிடித்து ஒட்டினார். ஒட்டிய பெருமையில் மாடி முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். ஊசியை வலப்பக்கமும் இடப்பக்கமும் தள்ளும் இரண்டு ஒயர்களை அன்றைக்கு மாற்றி ஒட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தக் கருவி எடுத்த எல்லாமே கண்ணாடிப் பிம்பங்கள். மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் இருபக்கமும் ஒரே மாதிரியான மூலக்கூறுகள்; அதனால் எவருக்கும் தெரியவில்லை. முறுக்கிய ஒன்றே ஒன்று வந்தது. அதுதான் முகப்பில் ஆறடிக்கு நிற்கிறது.

அணுவின் மேட்டையும் பள்ளத்தையும் அளந்தவர் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சோற்றுக்கை, பீச்சாங்கையைக் கோட்டை விட்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துப் பார்த்தார். நன்றாக இல்லை.

மாடிக்குப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னார். 'நான் அப்பவே சொன்னேனே' என்பதைக் கேட்கத் தயாராகத்தான் போனார். ஜெசிந்தா அதைச் சொல்லவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்து, "முப்பத்தெட்டுப் பேரு சார்" என்று மட்டும் சொன்னார்.

நிலையத்தின் இயக்குநர் கெட்டிக்காரர். இருவரும் போய்ச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மூக்கைத் திறந்து பொத்தானை எடுக்கணுமா?"

"வேண்டாம் சார். மென்பொருள்ல ஒரு வரி. வலத்தை இடம்னு படிக்கணும், இடத்தை வலம்னு படிக்கணும். இங்கேருந்தே அனுப்பிடலாம்" என்றார் ஜெசிந்தா.

"அப்ப அனுப்பிடுங்க. 'துல்லியம் மேம்படுத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போடுங்க. பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். ஞானசிகாமணிக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டார். மனசாட்சி உறுத்தும், சாப்பாடு இறங்காது என்றெல்லாம் சொல்கிறார்களே, தமக்கு அப்படி ஒன்றுமில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

"சொல்லாமலா மாத்தப் போறிய?" என்றார் ஜெசிந்தா. கோபம் வந்தால் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "அந்தம்மாவுக்கு ஒருநாள் காலம்பற திடீர்னு மாப்பிள்ளை வேற ஆளா மணப்பாரு."

"காய்ச்சலுக்கு முன்னாடி எப்படி மணந்தாரோ அப்படித்தானே மணப்பார்?"

"கல்யாணமே காய்ச்சலுக்கு அப்புறந்தான் சார். விண்ணப்பத்துல இருக்கு. அவரோட நிஜ வாசனை அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

ஞானசிகாமணி விண்ணப்பத்தைத் தேடிப் படித்தார். இருந்தது.

"நீங்க ஒருதரம் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்தும் சொல்லாண்டாம்னு சொன்னா, நானே கணினியில பொத்தானை அமுக்கறேன்."

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தெய்வானை மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். எட்டு மேஜை. ஞானசிகாமணி பகல் ஒரு மணிக்குப் போய் வாசலில் நின்றார். தம்மை அடையாளம் தெரியும் என்று ஒரு எண்ணம். சோதனைக்காக அச்சடித்த கையேட்டில் அவர் படம் இருந்தது.

"சிலிண்டரா? பின்பக்கமா வாங்க" என்றாள் தெய்வானை.

விஷயம் இன்னதென்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உள்மூக்குத்தி சாரா! உக்காருங்க முதல்ல" என்று இலை போட்டாள். சாம்பாரும் கத்தரிக்காய்க் கூட்டும் பிரமாதமாக இருந்தன.

"நல்லாருக்கும்மா. உங்க மெஸ்ல எது ரொம்ப விசேஷம்?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"புதினாத் துவையல்தான் சார். அதுக்குன்னே எங்கெங்கேருந்தோ வருவாங்க. இப்பப் போடறதில்ல." அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "அஞ்சலைன்னு ஒருத்தி ஆறு வருஷமா எங்கூட இருந்தா. எனக்கு மூக்கு போனப்புறம் அவதான் எனக்கு மூக்கு. பருப்பு அடிபிடிச்சா அவ சொல்லித்தான் தெரியும். இந்த மூக்கு வந்த புதுசுல துவையலை மோந்தா சோம்பு வாடை. சோம்பை ஏன்டி சேத்தேன்னு கேட்டேன். இல்லக்கான்னா. எனக்கு மூக்கில்லன்னு இத்தன வருஷமா இப்படித்தான் கலந்துட்டிருந்தியான்னு கேட்டுட்டேன் சார். சாப்பிட வந்தவங்க அத்தன பேர் முன்னாடியும். ஏப்ரனை அவுத்து வெச்சுட்டுப் போயிட்டா."

"அப்புறம்?"

"அவ போனப்புறம் நானே கட்டு வாங்கி, நானே ஆஞ்சு அரைச்சேன். அதே வாடை. பதறிப்போயிட்டேன். அப்பத்தான் உங்களுக்கு எழுதிப் போட்டது. பழகினா சரியாயிடும்னு பதில் வந்துச்சு, இம்மாம் பெரிய கையெழுத்தோட." கையை அகல விரித்துக் காட்டினாள். "நாலு மாசம் பழகினேன். மூக்கு தப்பா, புதினா தப்பான்னு தெரியாம அஞ்சலை முகத்துல எப்படி முழிக்கறது? போகவே இல்ல."

ஞானசிகாமணிக்குச் சோறு தொண்டையில் நின்றது. இரண்டு வடை சுலபமாக இறங்கியதன் கணக்கு இங்கே தீர்க்கப்படுகிறது போலும்.

அந்த நேரம் தெய்வானையின் கணவன் சின்னையா உள்ளே வந்தான். காந்தி மார்க்கெட்டில் அரிசி மூட்டை இறக்குகிறவன். பனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர்ச் சொம்பைக் கொடுக்கும் சாக்கில் அவள் அவன் தோளருகே ஒரு கணம் கூடுதலாக நின்றாள். அவன் வெட்கப்பட்டு, "விடு, ஆளுங்க இருக்காங்க" என்றான்.

ஞானசிகாமணி கை கழுவாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வலம்புரி, இடம்புரி, இடி, ஒயர், மைசூர்பாகு. மைசூர்பாகை ஏன் சொன்னோம் என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

தெய்வானை நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். "வலது செருப்பை இடது கால்ல மாட்டின மாதிரியா?"

"அதேதாம்மா."

"மாட்டிவிட்டு, கடிக்குதுன்னு சொன்னா, காலு பழகணும்னு எழுதினது?"

"நான்தான்."

"ஒயரை மாத்தினதும்?"

"நான்தான்."

அவள் எழுந்தாள். "கையைக் கழுவிட்டு வாங்க சார். ஒரு இடத்துக்குப் போகணும்."

அஞ்சலை நீதிமன்ற வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்தாள். தயிர்சாதம், எலுமிச்சை சாதம், புதினா சாதம், தொட்டுக்கொள்ளத் துவையல். ஷேர் ஆட்டோவிலிருந்து தெய்வானையும், அவளுக்குப் பின்னால் இலைச்சோறு மணக்கும் ஒரு விஞ்ஞானியும் இறங்கியதைப் பார்த்தும் அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"சொல்லுங்க சார்" என்றாள் தெய்வானை.

அவர் இரண்டாவது தடவை சொன்னார். இந்தத் தடவை மைசூர்பாகு இல்லை. வக்கீல் ஒருவர் புதினா சாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்வமாகக் கேட்டார். சொல்லி முடித்ததும் தெய்வானை, "உம்மேல தப்பே இல்லடி. அந்தப் படந்தான் தப்பாம்" என்றாள். 

அஞ்சலை பொட்டலத்தை மடித்து நூல் சுற்றினாள்.

"சாருக்குப் படம் பாத்துத் தெரிஞ்சுது. சரி. அவருக்கு என்னைத் தெரியாது" என்றாள். "உனக்கு எதுக்குக்கா படம்? ஆறு வருஷம் பக்கத்துலயே நின்னேனே. நேத்து வந்த மூக்கை நம்பின, என்னை நம்பலையே."

தெய்வானை வண்டிக்கு அந்தப் பக்கம் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.  

"திரும்ப வந்துடு அஞ்சலை."

"இல்லக்கா. எனக்கு இது சரியா இருக்கு. வெயில்ல நிக்காதே, உனக்குத் தலைவலி வரும்."

மறுநாள் ஞானசிகாமணி திருத்தக் கடிதம் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். இயக்குநர் கையைப் பிசைந்தார். முகப்புக் கூடத்தில் ஆறடிப் படத்தின்முன் நின்று, "தலைகீழா மாட்டினா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

"ஆகாது சார். எப்படித் திருப்பினாலும் ஆகாது. அதுதான் அந்த மூலக்கூறோட விசேஷமே."

ஏணி போட்டு அவரே கழற்றினார். உலகமே கொந்தளிக்கும், பெயர் நாறும், கருத்தரங்குகளில் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்று மூன்று வாரம் பயந்துகொண்டிருந்தார். திருத்தம் இரண்டு வரியில் ஒரு மூலையில் வெளியானது. மொத்தம் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, நுண்ணோக்கிக்கு உறை தைக்கும் கம்பெனியிலிருந்து. மற்றது, ஓய்வுபெற்ற ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் எழுதியது: 'நானும் ஒருமுறை இப்படிச் செய்தேன். யாரும் கவனிக்கவில்லை. வெளியே சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. வாழ்த்துகள்.' தாம் இத்தனை பயந்த அளவுக்குத் தாம் முக்கியமானவர் அல்ல என்பதை ஜீரணிக்க அவருக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

முப்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேரில் சொன்னார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் அழுதார். சந்தன மாலை போட்ட மனைவியின் படத்தருகே ஏதோ ஒன்று குறைகிறது என்று மாதக்கணக்காகத் தவித்தாராம். ஏழு பேர், இதுவே பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் 'நான்தான்' என்று சொல்லும் வேலை ஞானசிகாமணியுடையது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் பத்துப் பேர்வரை அதைச் சொல்லும்போது தம் துணிச்சலை ரசித்தார். அப்புறம் ரசிக்க முடியவில்லை.

தெய்வானை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். சின்னையாதான் கலங்கிப்போயிருந்தான். குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, கழுத்து முழுக்கப் பவுடரோடு நிலையத்துக்கு வந்தான். ஞானசிகாமணியைத் தனியே ஓரமாக இழுத்துப்போனான்.

"சார், எனக்கு நேரா சொல்லுங்க. நிஜமா நான் எப்படி மணப்பேன்?"

"எல்லாரையும் போலத்தாம்பா."

"எல்லாரையும் போலன்னா நல்லதா, கெட்டதா?"

ஞானசிகாமணி பதில் தேடிக்கொண்டிருக்கையில் ஜெசிந்தா கணினியில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, "ஆச்சு அக்கா" என்றார்.

மேஜையில் ஒரு கட்டுப் புதினா வைத்திருந்தார்கள். தெய்வானை ஓர் இலையைக் கசக்கி மோந்தாள். முகம் அப்படியே நின்றது. இலையைக் கீழே வைக்காமல் வெகுநேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் நினைத்தது யாரை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதென்ன பவுடரு? போய் நாலு தடவை மாடி ஏறி இறங்கிட்டு வா."

"அதெல்லாம் வேணாம் தெய்வானை..."

"போய்யா."

அவன் போனான். நிலையத்தில் மூன்று மாடி. தடதடவென்று ஏறுவதும் இறங்குவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு சொன்னால் ஆறு தடவை ஏறியிருப்பான் போல. மூச்சிரைக்க, சட்டை நனைந்து, மாட்டிக்கொண்டவன் மாதிரி வந்து நின்றான். தெய்வானை அருகே போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஞானசிகாமணி, அவதானிப்பதே தொழிலானவர், அவதானித்தார்.

"வெங்காயம்" என்றாள் தெய்வானை.

சின்னையா தலையைத் தொங்கப்போட்டான். "நான் வேணா தினம் குளிச்சுட்டே..."

"இரு." அவள் தன் உள்ளங்கையை எடுத்து மோந்தாள். மறுபடி அவன் தோளை மோந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். "பதினெட்டு வயசுலேருந்து கூடை கூடையா வெங்காயம் உரிக்கறேன். என் கை எப்பவும் இப்படித்தான்யா இருக்கும். என்னை மாதிரியே இருக்க."

அவனுக்கு அது நல்லதா கெட்டதா என்று வீடு போய்ச் சேரும்வரை விளங்கியிருக்காது. ஆனால் படியிறங்கும்போது அவன் நடை நிமிர்ந்திருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ஞானசிகாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் தெய்வானையிடமிருந்து போன் வந்தது.

"சார், நான் புதினாத் துவையல் அரைச்சுப் பாத்தேன். அஞ்சலை அரைக்கற மாதிரி வரல. அவ வண்டியில ஒரு பொட்டலம் வாங்கிட்டு வர முடியுமா? நான் கேட்டதாச் சொல்ல வேணாம்."

"நீங்களே போகலாமேம்மா?"

"வரட்டும்னு இருக்கேன் சார். அவளுக்கா மனசு வரட்டும். நான் போய் நின்னா அது கெஞ்சற மாதிரி ஆயிடும். கெஞ்சினா வந்துடுவா. அப்படி வர வேணாம்."

இந்த நியாயம் அவருக்கு முழுக்கப் பிடிபடவில்லை, ஆனாலும் போனார். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அது ஒரு வேலையாகிவிட்டது. நீதிமன்ற வாசலில் வக்கீல்களுக்கு நடுவே வரிசையில் நின்று, துவையல் பொட்டலம் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போவார். ஒருமுறை சட்டையில் எண்ணெய் இறங்கி, அதே சட்டையோடு ஒரு கருத்தரங்கில் பேசினார். யாரும் கவனிக்கவில்லை. பேச்சையுந்தான்.

அஞ்சலை எதுவும் கேட்பதில்லை. யாருக்கு என்று அவர் சொன்னதும் இல்லை. நான்காவது வாரம், பொட்டலத்தை நீட்டும்போது பிடியை விடாமல், வேறு பக்கம் பார்த்தபடி கேட்டாள்:

"என்ன சொன்னாங்க?"

ஞானசிகாமணி பதில் சொல்லுமுன் யோசித்தார். நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். 'உன்னைத்தான் நினைச்சுட்டு இருந்தாங்க' என்று சொல்லலாம், பொய்யுமில்லை. ஆனால் தாம் பார்த்தது என்னவோ அதை மட்டும் சொல்வோம் என்று முடிவு செய்தார்.

"ஒண்ணும் சொல்லலம்மா. ரெண்டு தடவை போட்டுக்கிட்டாங்க. இலையில ஒட்டினதை வழிச்சு எடுத்தாங்க."

அஞ்சலை பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, பிரித்து, இன்னும் ஒரு கரண்டி வைத்து மடித்தாள்.

"கல்லு உப்பு போட்டு அரைக்கச் சொல்லுங்க. அக்கா தூள் உப்பு போட்டிருக்கும், அதான் வந்திருக்காது" என்றாள். நூலை இறுக்கி முடிந்தாள். "நான் சொன்னேன்னு சொல்லுங்க."